இத்தா இருக்க வேண்டிய சொல்

வாப்பா உடுத்தும் சாரத்தில் மண்ணெண்ணெய் மணக்கும். கற்பிட்டியில் எங்கள் வீட்டுக் கொடியில் அது மூன்று நாளாகக் கிடந்தது. கடலுக்குப் போன வாப்பா வரவில்லை. போட்டை மட்டும் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

அறிவிக்க உம்மாவும் பெரிய மாமாவும் நானும் அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். தமிழ்ப் படிவம் தீர்ந்துபோய், இங்கிலீஷ் படிவம்தான் மிச்சம். நான் ஏழாம் வகுப்பு. வீட்டில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'மை ஃபாதர் லொஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தேன்.

கிளாக்கர் சிலாபத்துக்காரர், நன்றாகத் தமிழ் கதைப்பார். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மகள், வாப்பா எதத் தொலைச்சார்?"

உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டார்.

"இப்பிடி எழுதினா அவர் எதையோ தொலைச்ச மாதிரி. நடுவில 'இஸ்' போட வேணும். 'இஸ் லொஸ்ட்' எண்டு போட்டுக் கடலையும் சேர்த்தா, ஆள் போயிட்டார், கதை முடிஞ்சுது. 'இஸ் மிஸ்ஸிங்' எண்டா இன்னும் காணல்ல, தேடுறம்."

"ரெண்டும் ஒண்டுதானே ஐயா. மூணு நாளாச்சு. முடிஞ்சதையே எழுதுங்க" என்றார் மாமா.

உம்மா படிவத்தின் மேல் குனிந்து கேட்டார்.

"எந்தச் சொல்லுக்கு நான் இத்தா இருக்க வேணும்?"

புருஷன் மௌத்தானால், அதாவது இறந்தால், பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பதுதான் 'இத்தா'. கிளாக்கருக்கும் அது தெரியும். பேனையால் 'லொஸ்ட்'டைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப மத்ததப் போடு, மகள்" என்றார் உம்மா.

"ஊர் கதைக்கும், தங்கச்சி" என்றார் மாமா.

"கதைச்சிட்டுப் போகட்டும் நானா. முதல்ல அவர்ர மையித்தக் கரைக்குக் கொண்டந்து காட்டச் சொல்லுங்க."

போட்டேன். ஒரு 'எஸ்' விட்டுப்போனது. கிளாக்கர் திருத்திவிட்டார்.

ஊர் கதைக்கத்தான் செய்தது. மாமா இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. உம்மா அடுத்த நாளே கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போனார். சாரத்தை மடித்து அலுமாரியில் வைத்தார், கழுவவில்லை.

வருஷங்கள் போய், போன நோன்பு மாதம் உம்மா மௌத்தானார், கடைசிவரை இத்தா இருக்காமலே. மௌத்தைப் பதியப் போன இடத்தில் கொம்பியூட்டரில் தட்டிக்கொண்டே ஒரு இளம் கிளாக்கர் பிள்ளை கேட்டாள்:

"உம்மா விதவையா?"

"இல்ல" என்றேன். "வாப்பாவக் காணல்ல."

தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சாரத்தை எடுத்து மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் இல்லை. அலுமாரி மணம்தான் இருந்தது.