தொடைமேல் வைத்த தொன்னை

என் மனைவிக்கு அடிமுதுகில் ஆபரேஷன். முதுகைத் திறக்காமல் இடுப்பின் பக்கவாட்டில் போவதாக டாக்டர் சொன்னார். அந்த வழியில் உள்ள தசைக்குள்தான் தொடைக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. மெஷின் வைத்துக் கவனித்தாலும் சிலருக்கு அவை இழுபட்டுவிடும். தொடை மரத்தாலோ முட்டி மடங்கினாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு ஆகாது. தாளில் படம் போட்டே காட்டினார்.

அவள் அப்போது ஸ்கேன் அறையில் இருந்தாள். இதையெல்லாம் சொல்லிக் கையெழுத்து வாங்கும்படி சம்மதத் தாளை என்னிடம் கொடுத்தார். சொன்னேனா? எங்கள் பக்கத்தில் நோயாளியிடம் கெட்டதைச் சொல்கிற வழக்கம் ஏது! எல்லாருக்கும் வாங்குகிற தாள்தான் என்றேன். கையெழுத்துப் போட்டாள். அவள் பயப்படாமல் பார்த்துக்கொண்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

வீட்டுக்கு வந்ததும் முதுகுவலி கம்மி என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் கழித்து, வேண்டுதலுக்காக எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். பிரகாரத்தில் கல்மேடைமேல் உட்கார்ந்து, பிரசாதப் பொங்கலைத் தொன்னையோடு இடது தொடைமேல் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். தொன்னையை நகர்த்தப்போன என் விரலைச் சுட்டுவிட்டது.

"சுடலையா உனக்கு?"

"அந்தப் பக்கம் ஆபரேஷன்லேர்ந்தே மரத்துதாங்க கெடக்குது. படியேறினா முட்டி மடங்குது. ஆபரேஷன்னா அப்டித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் புடவையை விலக்கிப் பார்த்தால் தொடையில் கொப்புளம்.

மறுநாள் டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார். பாதிதான் எழுந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, சொல்லச் சொல்லித்தானே அனுப்பினோம் என்று கோபித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மறந்துட்டேன் சார்."

அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. முன்பே வந்திருந்தால் அப்போதே சோதித்திருக்கலாம், இனி பயிற்சி செய்துகொண்டு காத்திருக்க வேண்டும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நரம்புச் சோதனைக்கு ஒரு தாளை நர்ஸ் என்னிடம் நீட்டினார். அவள் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கடைசி வரிவரை படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"என் காலுதானேங்க? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."