அண்ணி ஊசி எடுக்காத படம்

அந்தப் பட முதலாளி பதினொரு படம் எடுத்தார். அதில் ஒன்பது படங்கள் நூறு நாளைத் தாண்டி ஓடின. வெற்றியின் ரகசியம் என்ன என்று அவரிடம் கேட்காத நிருபர் இல்லை. நல்ல கதை, உழைப்பு, மக்களின் அன்பு என்று மாற்றி மாற்றிச் சொல்லி அனுப்பிவிடுவார். எல்லாம் பூசி மெழுகும் பேச்சு. உண்மையான ரகசியம் அவர் மனைவியின் கைப்பையில் இருந்த ஒரு தையல் ஊசி. அந்த அம்மாளுக்கே அது தெரியாது.

சினிமாக்காரர்கள் அவரைக் கத்திரி முதலாளி, கத்திரியார் என்பார்கள். பெரிய நடிகர் உருண்டு புரண்டு அழுத காட்சியாக இருந்தாலும் சரி, ஈவிரக்கமில்லாமல் வெட்டச் சொல்லிவிடுவார். நடிகர் சண்டைக்கு வந்தால் காபி கொடுத்து உட்கார வைப்பாரே தவிர, வெட்டியது வெட்டியதுதான்.

இருபது வயதில் அவர் செய்த வேலை சைக்கிளில் படப்பெட்டி சுமப்பது. ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டுவார்கள். இங்கே ஒரு சுருள் முடிந்ததும் அதை அங்கே கொண்டு சேர்க்க வேண்டும். அந்த ஓட்டத்தில் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அடுத்த பெட்டிக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் திரைக்குப் பக்கத்துக் கதவோரம் நின்று ஜனங்களைப் பார்ப்பார். எங்கே நெளிகிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள், எங்கே வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். சினிமாவைப் பற்றி அவர் படித்த படிப்பெல்லாம் அந்தக் கதவோரத்தில் படித்ததுதான்.

மனைவி படக் கம்பெனியில் உடை தைக்கும் பிரிவில் இருந்தவர். கம்பெனி முழுக்க அவரை அண்ணி என்று கூப்பிட்டது. நாமும் அப்படியே கூப்பிடலாம். முதல் படம் முடிந்ததும், போட்டுப் பார்க்கும் சின்ன அரங்கத்துக்குக் கத்திரியார் துணைக்கு அவரையும் அழைத்துப் போனார். பழக்க தோஷம், தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரில் அண்ணி. அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது, பையில் எப்போதும் ஒரு துணியும் நூல் கோத்த ஊசியும் இருக்கும். ஒரு மணி நேரம் கை மடியில் அசையாமல் கிடந்தது. பிறகு நாயகனின் நண்பர்கள் வந்து அரட்டை அடிக்க ஆரம்பித்தார்கள். அண்ணி ஊசியை எடுத்து, திரை வெளிச்சத்திலேயே ஒரு பொத்தானைத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

ஊசி வெளியே வந்த இடத்தையும் உள்ளே போன இடத்தையும் கத்திரியார் குறித்து எடிட்டரிடம் கொடுத்தார். எடிட்டர் தலையில் அடித்துக்கொண்டுதான் வெட்டினார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அன்று முதல் அதுவே வழக்கம். விஷயம் எடிட்டர் ஒருவருக்குத்தான் தெரியும். அண்ணிக்குத் தெரிந்தால் கை கூச்சப்படும், அப்புறம் அது உண்மையைச் சொல்லாது என்பது கத்திரியாரின் கணக்கு. அதனால் படம் எப்படி என்று ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை. என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்றே அண்ணி நினைத்திருந்தார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பன்னிரண்டாவது படத்துக்கு வருவோம். அதற்கு முந்தைய இரண்டும் மண்ணைக் கவ்வியிருந்தன. வயது அறுபத்திரண்டு. இதுவும் போனால் தன் போனை எடுக்க ஆள் இருக்காது என்று கத்திரியாருக்கு நன்றாகத் தெரியும். படமோ மூன்று மணி நேரம். போட்டுப் பார்க்கும் நாள் காலையில் தியேட்டர்காரர் ஒருவரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி பக்கத்தில் வந்து எதையோ நீட்டினார். அப்புறம் என்று கையைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

அரங்கத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று மணி நேரமும் அண்ணியின் இரண்டு கைகளும் மடியைவிட்டு எழும்பவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. படியில் இறங்கும்போது அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வயசான காலத்தில் பாசம் பொங்குகிறது என்று இவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பின்பாதி நீளம் அண்ணே, அரை மணியாவது எடுக்கணும் என்று எடிட்டர் கெஞ்சினார். ஊசியே வெளியில் வரவில்லை, ஓர் அடிகூட வெட்டாதே என்று சொல்லிவிட்டார்.

படம் வெளியான மூன்றாம் நாளே தியேட்டர் காற்று வாங்கியது. நம்ப முடியாமல் மதியக் காட்சிக்குத் தானே போய்ப் பழையபடி கதவோரம் நின்றார். இடைவேளைக்குப் பிறகு ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். ஒருவர் போகிற போக்கில் இவரிடமே, உள்ளே போகாதீங்க என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கத்திரியாரின் சட்டை, அதில் ஒரு பொத்தான் இல்லை. இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"படம் எப்படி இருந்துச்சு? மறைக்காம சொல்லு."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். அண்ணிக்கு ஆச்சரியம். "இடைவேளைக்கு அப்புறம் ஒரே இழுவைங்க. பேசிக்கிட்டே இருக்காங்க."

"அப்புறம் ஏன் ஊசியை எடுக்கல?"

அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபத்தில் கத்திரியார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதல் படம், பொத்தான், எடிட்டர், குறிப்புச் சீட்டு, எதையும் விடவில்லை. அண்ணி கடைசிவரை கேட்டார். சட்டையை மடித்தார், பிறகு பிரித்தார்.

"அன்னிக்குக் காலையில ஊசியும் நூலும் உங்ககிட்டதான் நீட்டினேன், கோத்துக் குடுங்கன்னு. அப்புறம்னீங்க. எனக்குக் கண்ணு சரியா தெரியலைங்க. ஒரு வருஷமாச்சு. படம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

கத்திரியார் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா என் கையையே பாத்திருக்கீங்க," என்றார் அண்ணி. "கொஞ்சம் மேலயும் பாத்திருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. ஊர் ஜனத்தின் கொட்டாவியை எண்ணிப் பேர் வாங்கிய மனுஷன், ஒரே வீட்டில் ஒருத்தி சுவரைத் தடவி நடப்பதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

மறுநாளே கண் டாக்டரிடம் போனார்கள். போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், கத்திரியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

படத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் அண்ணி தியேட்டருக்குக் கூட்டிப் போகச் சொன்னார். நம்ம படத்தில் நான் கண்ணால் பார்க்காதது இது ஒன்றுதான் என்றார். பகல் காட்சிக்கு மொத்தம் பதினேழு பேர். கத்திரியார் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் படம் ஒன்றை நேராகத் திரையைப் பார்த்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெண் மாடியேறுகிறாள், அப்பா கடிதத்தைக் கிழிக்கிறார், வெளியே மழை என்று காதோரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணி சிரித்தார், ஓரிடத்தில் மூக்கை உறிஞ்சினார்.

இடைவேளைக்குப் பிறகு திரையில் அண்ணனும் தம்பியும் பேச உட்கார்ந்தார்கள். கத்திரியார் கொஞ்ச தூரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரை அறியாமலே வாய் நின்றுவிட்டது.

அண்ணி சற்று நேரம் காத்திருந்தார். பிறகு பையைத் திறந்து, தடவி ஊசியையும் நூலையும் எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

கத்திரியார் வாங்கிக்கொண்டார். திரை வெளிச்சத்தில் ஊசியை உயர்த்திப் பிடித்தார். நாலாவது தடவைதான் நூல் நுழைந்தது. அண்ணி அவர் போட்டிருந்த சட்டையில் பொத்தான் இல்லாத இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து, பையிலிருந்த பொத்தானை வைத்து மெதுவாகத் தைக்க ஆரம்பித்தார். அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். கத்திரியார் திரையைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.