கண்ணாடி பீரோவுக்குள் ஒரு கத்தரிக்கோல்

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் மருத்துவச்சியாக இருந்த தாய்சேய் நல விடுதியில் ஒரு கண்ணாடி பீரோ உண்டு. அதற்குள் வெள்ளைத் துணிமேல், தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோல் பளபளவென்று கிடக்கும். அது ஒரு கொடியைக்கூட வெட்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். கட்டிடமும் என் பிரசவப் பையும் பஞ்சாயத்து யூனியனுடையவை. கத்தரிக்கோலும் மருந்தும் சுகாதார இலாகாவுடையவை. இரண்டையும் ஒன்றுசேர்த்து வேலை வாங்கத்தான் எங்கள் சுகாதார அதிகாரியை அனுப்பியிருந்தார்கள். மனிதர் சேர்த்து வைத்த லட்சணத்தைச் சொல்கிறேன். புதுக் கத்தரிக்கோல் வந்த அன்றே என் பையிலிருந்த பழையதைத் துருப்பிடித்தது என்று கழித்துக்கட்டினார். புதியதைப் பையில் வைக்கலாமா என்றால், ஓர் இலாகாவின் சாமான் இன்னோர் இலாகாவின் பைக்குள் போகக்கூடாதாம். பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியில் கைக்குட்டை விரித்து உட்காருகிற ஆள். பிரசவ அறையில் முனகல் கேட்டால் ஜீப்பை எடுக்கச் சொல்லிவிடுவார்.

அந்த வாரமே ஒரு காலை, மனைவிக்குத் தலைப்பிரசவ வலி என்று ஒரு விவசாயி என்னை அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி சேலத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். இலாகாக்கள் ஒத்துழைப்பது எப்படி என்று கூட்டம். பியூனைச் சாவிக்காகப் பஸ் ஏற்றிவிட்டு நான் காத்திருந்தேன். விவசாயியும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஊட்டுல அவ தனியா கெடக்கறாளுங்க, நான் போறனுங்க" என்று வண்டியைத் திருப்பினார். கொதிக்கவைத்த பிளேடு ஒன்று போதும் என்று பயிற்சியில் படித்தவள்தான் நான். இலாகா கொடுத்ததைத் தவிர வேறெதையும் தொட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பியூன் வெறுங்கையோடு வந்தான். அதிகாரி மறுநாள் தாமே வந்து திறப்பாராம். நான் ஓடிப் போனபோது ஆண்குழந்தை பிறந்திருந்தது. கதிர் அறுக்கும் அரிவாளால் யாரோ கொடியை அறுத்திருந்தார்கள்.

எட்டாம் நாள் குழந்தைக்கு ரணஜன்னி கண்டு தாடை இறுகியது. பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்தது. குடும்பத்தாரின் அறியாமையே காரணம் என்று அதிகாரி எழுதி அனுப்பினார்.

சில நாள் கழித்து அந்தத் தகப்பன் வந்தார். மனைவிக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டதாம், மருந்து வேண்டுமாம். கொடுத்தேன். போகும்போது பீரோ முன்னால் நின்றார்.

"இதுக்குள்ளதான் இருந்துதுங்களா?"

ஆமாம் என்றேன். விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

"வெறும் கண்ணாடிதானுங்களே சாமி."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகு என் பையில் பிளேடு இல்லாத நாள் கிடையாது. அதிகாரி பதவி உயர்வு பெற்று, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றார். இத்தனை வருஷமாக அந்த ஆளைக் காறித் துப்பிக்கொண்டிருக்கிறேன். அது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது விடுதிக்குள் எட்டிப் பார்த்தேன். மூலையில் அதே பீரோ, உள்ளே பழைய காகிதக் கட்டுகள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.