தோடு கொடுத்து வாங்கிய லயத்து வீடு

ஜப்பான்காரன் வந்த பிறகு பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், கூலியாட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்கு இருந்த கிராக்கியை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். டவுனில் அரிசி கிடையாது. தோட்டத்துக்குப் போனால் மரவள்ளியாவது நட்டுத் தின்னலாம் என்று, சுங்கைப் பட்டாணியில் கடை வைத்திருந்தவர்கள்கூடப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். அதுவரை வேலைக்காரர்களுக்குச் சும்மா கிடைத்த வீட்டுக்குக் கங்காணி விலை வைத்தார். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கையால் தொடமாட்டார். கோழி, அரிசி, இல்லையென்றால் நகை.

நாங்கள் அப்போது என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தோம். ஓர் அறை, ஓர் அடுப்படி. மூத்தவர், அவர் மனைவி, நாலு பிள்ளைகள், புதிதாகக் கல்யாணமான நாங்கள் இரண்டு பேர். நடுவில் ஒரு சாக்குத் திரை. என் ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் லேசாக இருமினால் போதும், திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன தங்கச்சி, தண்ணி வேணுமா?" என்பார். பாசமாகத்தான் கேட்பார். எனக்கோ எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

தனி வீடு வேண்டும் என்று ஆறு மாசம் இவரை நச்சரித்தேன். "அண்ணன் என்ன நெனைப்பாரு?" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இந்த மனுஷனை நம்பினால் ஆகாது என்று, அம்மா போட்டு அனுப்பிய தோட்டைக் கழற்றி நானே கங்காணியிடம் கொடுத்தேன். லயத்தின் கடைசி வீடு கிடைத்தது. கூரை ஒழுகும், கதவு சரியாகச் சாத்தாது. இருந்தால் என்ன, என் வீடு. தரையை மெழுகினேன், அடுப்புக் கட்டினேன், கால் நீட்டித் தூங்கினேன்.

இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் இவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி காதோடு காதாகச் சொன்ன சேதி. சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆம்பளை போக வேண்டுமாம். வீடு வீடாக எண்ணப் போகிறார்களாம்.

"சட்டிபானையைத் தூக்கு புள்ள. அண்ணன் வீட்டுக்கே போயிரலாம். ஒரே வீடா இருந்தா எங்க ரெண்டு பேருல ஒருத்தன்தான் போவணும். மத்தவன் ரெண்டு குடும்பத்தையும் பாத்துக்குவான்."

எனக்குச் சுருக்கென்றது. "தோட்டைக் குடுத்து வாங்கின வீடு லா இது. திரும்ப அந்தச் சாக்குக்குப் பின்னாடியா? கிராணி கதை கட்டுறாரு. போறதுன்னா நீங்க போங்க, நான் வரல" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவராவது என்னை அதட்டி இழுத்துப் போயிருக்கலாம். அதட்டத் தெரியாது அவருக்கு. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் எண்ண வந்துவிட்டார்கள். அந்த வீட்டிலிருந்து மூத்தவர், என் வீட்டிலிருந்து இவர். இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு லயத்தில் வீட்டுக்கு மதிப்பே இல்லை. கங்காணி சும்மா கொடுக்கிறேன் என்றாலும் ஆள் இல்லை. மறுபடி எண்ண வருவார்கள் என்று பயந்து மூன்று குடும்பம் ஓர் அறையில் அடைந்து கிடந்தது, பக்கத்து வீடுகள் காலியாக நின்றன. நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அக்காவிடமே போனேன். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டார். இரண்டு பேரும் மரவள்ளி நட்டு அந்த நாலு பிள்ளைகளைக் காப்பாற்றினோம். சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டு ஆம்பளைகள் வரவில்லை.

இவர் திரும்பிப் போகலாம் என்று கெஞ்சியதும் நான் மறுத்ததும் அக்காவுக்குத் தெரியாது என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். சொல்ல வாயெடுப்பேன், பயம் வந்துவிடும். என்னைத் துரத்திவிட்டால் எங்கே போவது என்ற கேவலமான பயம். அக்காவின் மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தபோது, கல்யாணத்துக்குப் பிறகு அவர்களுக்குத் தனி வீடு பார்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்டி. அன்னிக்குக் கொழுந்தனார் மொதல்ல எங்ககிட்ட வந்து கேட்டுட்டுத்தான் உன்கிட்ட வந்தாரு. வாங்கன்னு சொல்லிட்டு, உங்களுக்கு எடம் ஒழிச்சு வச்சேன். மூணு நாளா காணோம். நான் வந்து ஒரு தடவை கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பே. தனியாப் போனவதானே, தானா வரட்டும்னு இருந்துட்டேன்."