கிழக்கூரில் வற்றிய கிணறு

போன மாதம் எங்களையெல்லாம் ஒற்றுமையாக்குவதற்காக அலுவலகத்திலிருந்து ஒரு விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒற்றுமை போனதே அலுவலகத்தால்தான் என்பது வேறு விஷயம். அங்கே நீல அங்கி மாட்டிய ஒரு தம்பி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு மந்திரவாதியாகவோ வீரனாகவோ பேசி ஆடும் ஆட்டத்தை விளக்கினான். அந்தக் கற்பனை உலகத்தில் மந்திரம் எப்படி வேலை செய்யும் என்பதற்கே அரை மணி நேரம் ஆனது. ஒரு தடவை சொன்ன மந்திரம் உடனே மறந்துபோகுமாம், தூங்கி எழுந்தால்தான் ஞாபகம் வருமாம். எங்கள் மேலாளருக்கு மந்திரம் இல்லாமலே அந்தச் சிக்கல் உண்டு. பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் நீட்டிய விதித்தாளில் சூடு ஆறாத ஜெராக்ஸ் வாசனை அடித்தது. அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அது கார்த்தி கடையின் வாசனை. பல வருஷத்துக்கு முன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை போனதும் எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து ஜெராக்ஸ் கடை போட்டவன் அவன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலகாரம் வாங்கி வருவார்கள், இவன் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவோம். இருபது முகம் உள்ள பகடை வேண்டும் என்றான். எங்கள் ஊரில் அதற்கு எங்கே போவது? சீட்டில் எண் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம்.

கார்த்தி ஆட்டத்தை நடத்துவான், கதை சொல்வான், கடவுள் மாதிரி தீர்ப்பும் சொல்வான். ஆடுகிறவர்கள் மூன்று பேர். ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடும் நான், எம்.ரெட்டியபட்டிக்குப் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வரும் கார்த்தியின் அக்கா ரேவதி, லோடு வண்டி ஓட்டும் பரளச்சிப் பாண்டி. முதல் நாள் ஆளுக்கொரு மந்திரம் கேட்கச் சொன்னான். நெருப்பு, மின்னல் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தான் பாவம். சித்திரை வெயிலில் வளர்ந்த எங்களுக்கு நெருப்பு எதற்கு? ரேவதியக்கா, நிறுத்தத்துக்குப் போனதும் பஸ் வருகிற மந்திரம் கேட்டார். நாள் முழுக்க நிற்கிற வேலை எனக்கு, நின்றுகொண்டே உட்கார்ந்திருக்கிற மந்திரம் கேட்டேன். பாண்டி தண்ணீர் கேட்டான். உலகத்தையே புரட்டிப் போடும் சக்தி கிடைத்தும் நாங்கள் வாங்கிய வரங்களின் லட்சணம் அது.

கார்த்தி நொந்துபோய்ப் பட்டியலைக் கிழித்துவிட்டு மந்திரங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே விதி போட்டான். மந்திரத்தால் எதையும் புதிதாக உண்டாக்க முடியாது, ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு நகர்த்தலாம், அவ்வளவுதான். ஆக ரேவதியக்காவுக்கு பஸ் வந்தால் வேறொரு ஊரில் ஒருத்தி வெயிலில் காத்துக் கிடந்தாள். எனக்குக் கால்வலி போனால் முகம் தெரியாத எவனுக்கோ போய்ச் சேர்ந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, அந்த எவனோ எங்கள் முதலாளி என்றே நினைத்துக்கொள்வேன். பாண்டி தன் கற்பனை ஊரில் தண்ணீர் வரவழைத்தான். அடுத்த வாரம் கார்த்தி, அதற்குப் பக்கத்தில் இருக்கும் கிழக்கூரில் கிணறு வற்றிவிட்டது என்றான். கதைதானே என்று பாண்டி சிரித்தான்.

அந்தக் கோடையில் பாண்டியின் அப்பா பரளச்சியில் தன் நிலத்தில் மறுபடி ஆழத்துக்குத் துளை போட்டு போர் இறக்கினார். அதற்கு முன் போட்டதெல்லாம் புழுதியைத்தான் கக்கியிருந்தன. இந்தத் தடவை தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பாண்டி கடைக்கு வந்து எல்லோருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தான். அடுத்த மாதமே, வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அவன் சித்தப்பாவின் கிணறு தரை தட்டியது. மிளகாய்ச் செடி நின்றபடியே காய்ந்தது. பிள்ளை இல்லாத அந்தச் சித்தப்பாதான் பாண்டியைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். பாண்டி தன் வீட்டில் சாப்பிட்டதைவிட அவர் வீட்டில் சாப்பிட்டதுதான் அதிகம். அவர் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரு குழாய் போட்டு அவருக்கும் தண்ணீர் விடுவோம் என்று பாண்டி கேட்டதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு பாண்டி வந்ததும் வராததுமாகக் கார்த்தியிடம், “அந்த விதிய மாத்துலே,” என்றான்.

விதியை மாற்றினால் ஆட்டமே இல்லை என்றான் கார்த்தி. சென்னையில் அவன் வேலை எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு அப்போது புரிந்தது. ஒரு பொய் உலகத்தில் ஒரு பொய்க் கிணற்றை ரொப்புவதற்குக் கையொடிந்தா போகும்? எனக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை.

சரி, தண்ணீரைத் திருப்பி அனுப்புகிறேன் என்றான் பாண்டி. அப்படிச் செய்தால் அவனுடைய மந்திரவாதிக்கு இனி எந்தக் காலத்திலும் மந்திரம் பலிக்காது என்று கார்த்தி எச்சரித்தான். பாண்டி டம்ளரைக் குலுக்கிச் சீட்டை எடுத்தான். பெரிய எண். கிழக்கூர்க் கிணறு நிரம்பிவிட்டது என்று கார்த்தி தீர்ப்புச் சொன்னான். நான் கைதட்டினேன்.

பாண்டி சீட்டை டம்ளரில் திரும்பப் போட்டான். “அந்தக் கெணத்துக்காரரு என்ன சொன்னாரு?” என்று கேட்டான்.

கார்த்தி விதித்தாள்களைப் புரட்டினான். எதற்கெடுத்தாலும் ஒரு விதி வைத்திருக்கிறவன் முன்னும் பின்னும் புரட்டினான். “அதுக்கு விதி இல்லையேலே,” என்றான்.

ரேவதியக்கா டீ வாங்கி வருவதாக எழுந்து போனார். டீ வருவதற்குள் பாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் ஆட வரவில்லை, மூன்று பேர் இல்லாமல் அந்த ஆட்டம் ஓடவில்லை. பிறகு கார்த்தி பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போனான், கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். நானும் ஒரு வழியாக உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு வந்து முதுகுவலி சம்பாதித்துக்கொண்டேன்.

விளையாட்டுக் கூடத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம் பாண்டிக்குப் போன் போட்டேன். அந்த போரும் வற்றி வெகுநாளாயிற்றாம். அவன் அப்பாவும் சித்தப்பாவும் தனித்தனியாகப் போய் ஒரே சோலார் கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். வரப்பை இடித்து, கிணற்றை மூடி, இரண்டு நிலத்துக்கும் சேர்த்து ஒரே வேலி. கண்ணாடிகளைக் கழுவுவதற்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வருகிறதாம். மிளகாய்க்கு வராத லாரி.

மனஸ்தாபத்துக்குக் காரணமாக இருந்த கிணறும் இல்லை, போரும் இல்லை, இனியாவது சித்தப்பாவிடம் போய்ப் பேச வேண்டியதுதானே என்று கேட்டேன். எப்பேர்ப்பட்ட யோசனை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

“எதக் கொண்டுக்கிட்டுலே போவேன்?” என்றான் பாண்டி. “அன்னைக்காச்சும் அவுகளுக்குக் குடுக்க எங்கிட்டத் தண்ணி இருந்துச்சு.”