ப்ரீமிக்ஸ் குடிக்காத லாரி

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் ட்ராசா மைதானத்தில் ஒரு மணி நேரம் குனிந்து கயிறு இழுத்தேன். தேர்க் கயிறு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். பொம்மை லாரியின் ஸ்டார்ட்டர் கயிறு. லாரியின் நீளம் ஒன்றேகால் அடி. எனக்கு வயது நாற்பத்தாறு.

ரக்பி ஆட வந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் முகத்தில் பரிதாபம், மீதிப் பேர் கையில் வறுகடலை. டிக்கெட் போட்டிருந்தால் கோயில் கூரையை மாற்றியிருக்கலாம்.

லாரி ஸ்டார்ட் ஆகவில்லை.

ரிமோட்டில் ஓடுகிற வண்டிதான். ஆனால் பேட்டரி வண்டி இல்லை — உள்ளே நிஜ இன்ஜின். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. நைட்ரோ என்று ஒரு எண்ணெயைக் குடித்துவிட்டு, புகை விட்டு, சத்தம் போட்டு, தெரு நாயைத் துரத்துமாம். அப்படித்தான் கடைப் புத்தகத்தில் போட்டிருந்தது. அதாவது, படம் போட்டிருந்தது.

இந்த வயதில் உனக்கு எதற்கு இது என்று கேட்கிறீர்களா? சரோஜாவும் கேட்டாள். சரோஜா என் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் பிள்ளைக்கு என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

விஷயம் இதுதான். போன டிசம்பரில் ஆர்மி வந்து ஆட்சியைப் பிடித்தது அல்லவா? நம் ஃபிஜிக்கு இது நாலாவது கூ, அதாவது ஆட்சிக் கவிழ்ப்பு. மற்ற நாட்டில் புயலை எண்ணுவார்கள், நாம் கூவை எண்ணுகிறோம். ஒவ்வொரு தடவையும் ரேடியோவில் அமைதியாக இருக்கச் சொல்வார்கள். நாமும் சொன்ன பேச்சைக் கேட்டு, அமைதியாகப் போய் பாஸ்போர்ட் ஆபீஸ் க்யூவில் நிற்போம்.

கரும்பு வெட்டு தொடங்கிய வாரம் ஆக்லாந்திலிருந்து ஒரு பெரிய கவர் வந்தது. சரோஜாவின் அக்கா அனுப்பியது. உள்ளே இமிக்ரேஷன் ஃபாரம். அது மடங்காமல் இருக்க அட்டைக்குப் பதிலாக ஒரு பொம்மைக்கடை கேட்லாக். சரோஜா ஃபாரத்தை எடுத்துக்கொண்டாள். நான் அட்டையை எடுத்துக்கொண்டேன்.

அங்கே நர்ஸ் வேண்டுமாம். அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் தயார். இங்கே அவள் வார்டில் எட்டுப் பேர் பார்த்த வேலையை மூன்று பேர் பார்க்கிறார்கள். மற்ற ஐந்து பேர் ஏற்கெனவே ப்ளேன் ஏறிவிட்டார்கள். ஆக, அவள் விண்ணப்பதாரர். நான் லக்கேஜ்.

லக்கேஜுக்கும் ஆறு பக்கம் ஃபாரம் உண்டு. நடுவில் எங்கேயோ ‘இங்கிலீஷ்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டது. உடனே மூடிவிட்டேன்.

நான் கரும்பு லாரி டிரைவர், படிப்பு ஆறாம் கிளாஸ். தமிழ் கோயிலில் கற்றது. இங்கிலீஷ், முன்னால் போகிற வண்டியின் முதுகைப் பார்த்துக் கற்றது — லாங் வெஹிக்கிள், கீப் லெஃப்ட். பேசச் சொன்னால் கையை ஆட்டிச் சமாளிப்பேன். காகிதத்துக்கு முன்னால் கையை ஆட்டி என்ன பிரயோஜனம்?

ஆகவே, ஆம்பிளை மாதிரி கம்பீரமாக ஒரு முடிவு எடுத்தேன். “முதல்ல இந்த லாரியை முடிவு பண்ணிக்கறேன். அப்புறம் ஃபாரத்தைப் பார்க்கலாம்” என்றேன்.

“எந்த லாரி?”

கேட்லாக்கைக் காட்டினேன். அவள் என்னை ஜுரம் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

லாரி தேர்ந்தெடுக்கும் படலம் சர்க்கரை மில் வாசலில் நடந்தது. கரும்பு லாரி ஓட்டுகிறவனுக்கு ஓட்டுகிற நேரம் கொஞ்சம், க்யூவில் நிற்கிற நேரம்தான் அதிகம். லாரி நிழலில் பாயைப் போட்டு, க்ரோக் — அதுதான், காவா வேர்ப்பொடி — கரைத்து, சிரட்டையில் ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டு, நாட்டை ஆளலாம். போன வருஷம் எனக்கு முன்னால் நின்றவர் இப்போது சிட்னியில் டாக்ஸி ஓட்டுகிறார். அதற்கு முந்தினவர் பிரிஸ்பேனில். இருந்தும் க்யூ மட்டும் குறையவில்லை. இது எப்படி என்று யாராவது படித்தவர்கள் விளக்கினால் தேவலை.

கேட்லாக்கை விரித்ததும் க்ரோக் கரைக்கிற முனியன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். எங்கள் தெருக்காரன், அவனும் லாரிதான்.

“பேட்டரி வண்டி ஈஸியாமே அண்ணே? புதுசா வாங்கறவங்க அதைத்தான் வாங்குவாங்களாம்.”

“பேட்டரில ஓடுனா அது லாரியாடா? டார்ச் லைட்டு.”

“அதுவும் சரிதான். இது லோடு எவ்வளவு தாங்கும்?”

“லோடு ஏத்த மாட்டாங்கடா.”

“அப்புறம் எதுக்கு லாரின்னு பேரு?”

பக்கத்து லாரி ஜோனே குனிந்து படத்தைப் பார்த்தான். அவன் நம்மாட்களோடு வளர்ந்த ஃபிஜியன். ஹிந்தியும் தமிழும் கலந்து அடிப்பான், அண்ணன் தம்பி எல்லாரும் அவனுக்கு ‘பாய்’தான். நிஜ லாரியைச் சோதிப்பது போல டயர், ஆக்சில், ஸ்ப்ரிங் எல்லாவற்றையும் விரலால் தடவினான்.

“பாய், இதுல ரிவர்ஸ் கியர் கிடையாது. கடைக்காரன் பையன் சொன்னான், நைட்ரோ வண்டி பாதிக்கு மேல அப்படித்தான்.”

“ரிவர்ஸ் இல்லாம எப்படி ஓட்டறது?” என்றான் முனியன்.

“இந்த நாட்டுக்கு ரிவர்ஸ் மட்டும்தானே இருக்கு? இதாவது முன்னாடி போகட்டும், விடு.”

சொல்லிவிட்டு ஜோனே ஒரு சிரட்டை குடித்தான். குடித்து முடித்தால் தட்டுவது வழக்கம், மூன்று தரம் கை தட்டினோம். குடித்ததற்கா, சொன்னதற்கா… தெரியாது.

அடுத்த குழப்பம், அளவு. சில லாரிக்குக் கீழே எட்டில் ஒன்று என்று போட்டிருந்தது. சிலதுக்குப் பத்தில் ஒன்று. எது பெரிசு? இதிலென்ன சந்தேகம், எட்டை விடப் பத்து பெரிசு! தினமும் டன் கணக்கில் கரும்பு ஏற்றுகிற பதினொரு டிரைவர்கள் ஒருமனதாகப் பத்துக்கு ஓட்டுப் போட்டோம். இந்த நாட்டில் யாரும் கலைக்காத ஒரே தேர்தல் அதுதான்.

இப்படியே மூன்று வாரம். சரோஜா அவ்வப்போது கேட்பாள். “இன்னும் முடிவு ஆகலை” என்பேன். பொய் இல்லையே?

சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் — என் சகலை — ஒரு கல்யாணத்துக்காக நாடி டவுனுக்கு வந்தபோது, நான் சொல்லிவிட்ட லாரியை வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பார்த்ததும் என் முகம் சுருங்கியது. பத்து எப்படி எட்டை விடச் சின்னதாகும்? சகலை ஒரு ரொட்டியைப் பத்தாகப் பிய்த்துக் காட்டிப் புரியவைத்தார். ரொட்டியை நானே தின்றேன். வேறு என்ன செய்ய?

“எண்ணெய் எங்க சகலை?”

“ப்ளேன்ல ஏத்த விடலை. பத்திக்குமாம். கப்பல்ல அனுப்பறேன். அது சரி, ஃபாரம் என்னாச்சு?”

“லாரி ரொம்ப அழகா இருக்கு சகலை” என்றேன்.

சனிக்கிழமை காலையில் சரோஜா யூனிஃபார்மை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“அந்த ஆஸ்பத்திரி இனிமே காத்திருக்காது. வர்ற வெள்ளிக்கிழமை தபால்ல போடறேன். உங்க ஃபாரம் இருந்தா ரெண்டு. இல்லைன்னா ஒண்ணு.”

“ஒண்ணுன்னா?”

“நான் மட்டும் போறேன்னு அர்த்தம். லாரியை நீங்க பார்த்துக்குங்க.”

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஊசி போடுகிற மாதிரி மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. லாரியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டேன்.

எண்ணெய்? அதைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. சின்ன இன்ஜின் எதுவாக இருந்தாலும் குடிப்பது ப்ரீமிக்ஸ்தானே? படகு இன்ஜினுக்கு அதுதான், புல் வெட்டும் மெஷினுக்கும் அதுதான். எந்த பம்ப்புக்குப் போனாலும் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து தயாராக வைத்திருக்கிறார்கள். முனியன் ஒரு பாட்டில் பிடித்து வந்தான். ஊற்றினோம். இழுத்தேன். இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன்.

“காத்து வாங்குது அண்ணே.”

“ப்ளக்கைக் கழட்டித் துடை பாய்.”

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, தாகமா இருக்கும்.”

ரக்பி கேப்டன் வந்து ஒரு இழு இழுத்தார். கயிறு கையோடு வராதது இன்ஜினின் புண்ணியம்.

அப்போதுதான் டியூட்டி முடிந்து சரோஜா அந்த வழியாக வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடி வந்தாள். வந்து பார்த்தால் நான். வியர்த்துக் கொட்டி, முழங்கால் எல்லாம் புல்.

பெட்டிக்குள் மேனுவல் கிடந்தது — கண்ணாடிக் கவர் கூடப் பிரிக்காமல். அதைப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“ஏங்க.”

“என்ன?”

“பெட்ரோல் ஊத்தக்கூடாதாம்.”

“எங்க போட்டிருக்கு?”

“முதல் பக்கத்துல. சிவப்பு எழுத்துல.”

என் காதுக்கு மட்டும்தான் சொன்னாள். இந்த இன்ஜினில் பெட்ரோல் தீப்பிடிக்கவே பிடிக்காதாம். அந்த நைட்ரோ எண்ணெய் மட்டும்தானாம். சிவப்பு எழுத்தை நானும் காலையிலேயே கண்ணாடிக் கவர் வழியாகப் பார்த்தேன். கம்பெனி பேர் என்று நினைத்துவிட்டேன்.

கூட்டம் எங்களையே பார்த்தது. சரோஜா நிமிர்ந்தாள். “ப்ளக் போயிடுச்சு. ஆக்லாந்துலேர்ந்து வேற வரணும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றாள். நர்ஸ் சொன்னால் மீறுவார்களா? கலைந்தார்கள்.

பதினேழு வருஷத்தில் எனக்காக அவள் சொன்ன முதல் பொய் அது. நான் அவளிடம் சொன்னதை எல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம், பத்திரிகையில் இடம் போதாது.

வீட்டுக்கு நடக்கும்போது லாரி என் கையில், மேனுவல் அவள் கையில்.

“அந்த ஃபாரத்தை நீங்க படிக்கவே இல்லை. இல்லையா?”

“அதுல படம் இல்லையே” என்றேன்.

எப்போதும் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. “நாட்டை விட்டு வர மனசு இல்லைன்னு நினைச்சேன். அது எனக்குப் புரியும். இங்கிலீஷ் படிக்க வரலைன்னு சொல்றதுக்கு என்ன வெட்கம்?” என்றாள். சொல்லிவிட்டால் வெட்கம் போய்விடுமா, என்ன? ஆனாலும் தெரு முனை வருவதற்குள் சொல்லிவிட்டேன். பரீட்சை வைப்பார்கள், நான் ஃபெயில் ஆவேன், என்னால் உன் வேலையும் போகும், ஆக்லாந்தில் நாலு பேர் சிரிப்பார்கள்… எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். முதல் பாடம் மேனுவல். இன்ஜினை எடுத்த எடுப்பில் விரட்டக்கூடாது, முதல் சில டாங்க் மெதுவாகத்தான் ஓட்டணும் என்று போட்டிருந்தது. அந்த ஒரு பாராவுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இன்ஜினுக்குக் காட்டுகிற பொறுமையை அவள் எனக்கும் காட்டினாள்.

திங்கட்கிழமை ஃபாரம். படிப்பு என்ற இடத்தில் வந்து நின்றேன்.

“ஆறை எட்டுன்னு எழுதிடலாமா?”

“எட்டா? எட்டு பெரிசா, ஆறு பெரிசான்னு முதல்ல சொல்லுங்க.”

ஆறு என்றே எழுதினேன்.

நாலாவது பக்கத்தில்தான் அந்த ‘இங்கிலீஷ்’ உட்கார்ந்திருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தால்… கூட வரும் புருஷனுக்கு இங்கிலீஷ் போதவில்லை என்றால் விரட்ட மாட்டார்களாம். அங்கே போய் வகுப்பில் உட்கார வேண்டுமாம். அவ்வளவுதான்! இதற்கா இரண்டு மாசம் ஒளிந்துகொண்டு, ஒரு லாரி வாங்கி, ஒரு பாட்டில் ப்ரீமிக்ஸைப் பாழாக்கினேன்?

முதல் நைட்ரோ லாரி வாங்க நினைக்கிற நண்பர்களே, எட்டா பத்தா, ரிவர்ஸ் உண்டா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். மேனுவலை யார் படித்துச் சொல்வார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்களைக் கோபப்படுத்தாதீர்கள்.

கப்பலில் எண்ணெய் இன்னும் வரவில்லை. ப்ரீமிக்ஸ் பட்ட ரப்பர் குழாய் வேறு உப்பிப் போயிருக்கிறது. இன்றைக்கு வியாழக்கிழமை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: ‘மேலே உள்ள அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன்.’ அதன் கீழே கையெழுத்து. நிஜ லாரி வாங்கியபோது, கரும்பு ஒப்பந்தத்தில், கல்யாண ரிஜிஸ்டரில் — இதே வரிக்குக் கீழே எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறேன். ஒரு தடவை கூட ஒரு கை போதாமல் போனதில்லை.

இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்தேன்; பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போட்டேன்.