பெண் பார்க்கிற ஆபீசுக்கு பல்பு வாங்கிய கதை

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ஆபீசுக்கு ஜன்னல் கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததுதான். பக்கத்து மனைக்காரர் எழுப்பிய சுவர் அதை மறைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கீழே மருந்துக்கடை, மாடியில் எங்கள் திருமணத் தகவல் மையம். பட்டப்பகலிலும் டியூப் லைட் எரிந்தாக வேண்டும். அதில் ஒன்று கொர்ரென்று சத்தம் போடும், இன்னொன்று விட்டுவிட்டு எரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, நடுவில் லைட் கண்ணடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் முதல் பார்வை வீட்டில் நடப்பதில்லை. வீட்டுக்கு வந்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, வேண்டாமென்று போய்விட்டால் தெருவே அதை மென்று துப்பும். அதனால் முதலில் எங்கள் ஆபீசில் 'சும்மா பாத்துக்கறது'. பிடித்தால் பூ, பழத்தோடு வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொருத்திக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

ஆபீசை நடத்தியவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். கரண்ட் பில் வரும்போதெல்லாம் லைட்டுகளைத்தான் திட்டுவார். ஒரு நாள் பில்லை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு எல்.இ.டி. மாட்டிடலாம்டி. நல்லா வெள்ளையா எரியுறதா பாத்து வாங்கிட்டு வா. பொண்ணுங்க கொஞ்சம் நிறமா தெரியட்டும். பாதிப் பேருக்கு அங்கதான் தட்டிப்போவுது."

வெள்ளை வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையாகிவிடுமாம். நல்ல கண்டுபிடிப்பு! ஆனால் நானும் வெள்ளை லைட்தான் வேண்டுமென்று நினைத்தேன், காரணம் வேறு. அடுத்த வாரம் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவள் நான்.

என் நிறம் கறுப்பு. விண்ணப்பத்தில் மாநிறம் என்று எழுதியிருந்தது. எங்கள் ஆபீசில் கறுப்பு என்று ஒரு நிறமே கிடையாது. கரி மாதிரி இருந்தாலும் மாநிறம்தான். அதற்கு முன்பு ஒரு வரன் ஏறக்குறைய முடிந்து, தேதி குறிக்கிற வரைக்கும் வந்தது. போட்டோ ஸ்டுடியோக்காரன் என்னைக் கேட்காமலே படத்தில் என் முகத்துக்கு ஒரு கோட் வெள்ளை அடித்து வைத்திருந்தான். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆபீசில் அந்த மங்கல் லைட்டில் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். பிறகு வீட்டு வாசலில் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருந்த பொண்ணு எங்க?" என்று என் அப்பாவிடம் கேட்டார்கள். பூலாம்பாடிப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் மக்காச்சோளம் போட்டுப் பிழைக்கிற மனுஷன். ஏதோ திருடிவிட்டவர் மாதிரி நின்றார். அன்றைக்கே முடிவு செய்தேன். இனிமேல் என்னைப் பார்க்கிறவன் முதல் பார்வையிலேயே என்னை உள்ளபடி பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வேண்டாமென்றால் ஒழியட்டும். வேண்டுமென்று சொல்கிற ஒருத்தன் வந்தால் அவனோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்தலாம்.

எலக்ட்ரிக்கல் கடையில் இரண்டு பல்பை எடுத்துப் பலகையில் மாட்டினார் கடைக்காரர். "இது வார்ம், மஞ்சளா எரியும். இது டே லைட். பகல் மாதிரியே இருக்கும்."

நான் முழங்கை வரைக்கும் இரண்டுக்கும் அடியில் மாறி மாறி நீட்டிப் பார்த்தேன். மஞ்சளில் என் கை அழகாகத்தான் இருந்தது, எண்ணெய் தடவியது போல. வெள்ளையில் சாம்பல் பூத்துத் தெரிந்தது. முழங்கையின் கறுப்பு, விரல் கணுக்களின் கறுப்பு, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன.

"ஏம்மா, பல்பு வாங்க வந்தியா, வளையல் வாங்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"பகல் மாதிரி எரியுறதே குடுங்க," என்றேன்.

மாட்டியதும் அறையே பளிச்சென்று ஆனது. சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு, நாற்காலி உறையின் கிழிசல், எதுவும் தப்பவில்லை. மேடத்துக்கு வாயெல்லாம் பல். "இப்பப் பாருடி, எவ்வளவு கச்சிதமா இருக்கு!" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் திருமானூரிலிருந்து எனக்கான வரன் வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, இரண்டே பேர். அரியலூரில் பஸ் மாறி வந்திருந்தார்கள். மேடம் என்னை உள்ளே இழுத்துப் போய்ப் பவுடரை அள்ளி அப்பினார். "வேணாம் மேடம்," என்றேன். "சும்மா இருடி, உன் நல்லதுக்குத்தான்," என்றார். ஆபீஸ் கண்ணாடியில் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் விபூதி மூட்டைக்குள் விழுந்து எழுந்தவள் போல இருந்தேன். குழாயடிக்குப் போய் எல்லாவற்றையும் கழுவிவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை என் நிறம்தான். சொல்லப்போனால் ஒரு பிடி கூடுதல். நன்றாகவே பேசினார். எந்த ஊர், என்ன படிப்பு, வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருந்தார். ஐயோ, எனக்கு ஆசை வந்துவிட்டது. இவர் என்னை உள்ளபடி பார்த்துவிட்டார், பார்த்த பிறகும் பேசுகிறார் என்று நினைத்தேன்.

அவருடைய அம்மா தலையைத் தூக்கி பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பல்பைப் பார்த்தார்.

"இந்த லைட்டுல யாரா இருந்தாலும் வெளுப்பாத்தான் தெரிவாங்க. நமக்குத் தெரியாதா? சித்த கீழ வெயிலுக்கு வாம்மா, பாத்துக்கறேன்."

மேடம் சிரித்து மழுப்பினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

இறங்கினோம். மருந்துக்கடை வாசலில், உச்சி வெயிலில், என்னை நிறுத்தினார்கள். ஜவுளிக்கடையில் புடவையை வாசலுக்கு எடுத்து வந்து சாயம் பார்ப்பார்களே, அப்படி. மருந்து வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவுக்குத் தெரியக் கூடாதென்றுதானே அந்த ஆபீசையே வைத்திருந்தோம்! அந்த அம்மா என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார், மணிக்கட்டைத் திருப்பினார், காதோரம் பூவை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார்.

"லட்சணமாத்தான் இருக்கு. நிறந்தான் கம்மி. நாளைக்குப் பொறக்குறதும் இப்படியே பொறந்தா என்ன பண்றது?"

மாப்பிள்ளை மாடிப்படி நிழலில் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்களும் கொஞ்சம் வெயிலுக்கு வாங்களேன். நானும் பாத்துக்கறேன்," என்றேன்.

மருந்துக்கடையில் யாரோ சிரித்தார்கள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை, நகரவும் இல்லை.

"ஆம்பளைக்கு என்னடியம்மா நிறம்?" என்றார் அவருடைய அம்மா, கோபமே இல்லாமல். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல என்னைக் கேட்டார்.

"நீ இங்கதான வேலை பாக்குற? வந்தது வந்துட்டோம். நல்ல நிறமா வேற பொண்ணுங்க போட்டோ இருந்தா எடுத்துக் காட்டேன்மா."

நான் அப்பாவைப் பார்த்தேன். வா, வூட்டுக்குப் போலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஆபீஸ், அந்தச் சம்பளம், மேடம், எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு அவரோடு நடந்திருப்பேன். அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கேக்குறாங்கல்லம்மா. போய் எடுத்துக் குடு."

மேலே போனேன். அவர்களை உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். நல்ல நிறமான பெண்களின் படங்களாகப் பொறுக்கி எடுத்து, அந்த அம்மாவின் மடியில் வைத்தேன்.